ஐந்தாம் மணியைத் திருத்தியவர்

வாசகரே, ஹாலந்தில் எந்த ஊருக்கு வேண்டுமானாலும் போங்கள். கால்வாய் இருக்கும், பாலாடைக்கட்டிச் சந்தை இருக்கும், ஓர் அறிவுக் காதலரும் இருப்பார். கால்வாயில் விழுந்தால் யாராவது கொக்கி போட்டு இழுத்துவிடுவார்கள். இவர் வீட்டு முன்னறையில் மாட்டிக்கொண்டால் இருட்டும்வரை வெளியே வர முடியாது.

அறிவுக் காதலர் என்பது நான் வைத்த பட்டமில்லை. அந்த இனம் தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பெயர். பண்டிதர் என்றால் படித்திருக்க வேண்டும், தொழிலாளி என்றால் கை தேய வேண்டும். காதலர் என்றால் இரண்டும் வேண்டாம், ஆசை இருந்தால் போதும். நாற்பது நாற்பத்தைந்து வயதுவரை உப்பு மீனோ, மரமோ, மிளகோ விற்றுக்கொண்டு சாதுவாக இருப்பார். ஒருநாள் காலையில் எழுந்திருக்கும்போது, இத்தனை காலமும் இந்தப் பிரபஞ்சத்தைக் கவனிக்காமல் விட்டுவிட்டோமே, நாம் இல்லாமல் அது என்ன பாடுபட்டிருக்குமோ என்ற கவலை வந்துவிடும். அன்றைக்குப் பிரபஞ்சத்தைச் சனி பிடித்தது என்று அர்த்தம்.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? என் பெயர் ஹில்லே. மீன்சந்தைப் பாலத்தருகே நரம்புக் கடை வைத்திருக்கிறேன். ஆட்டுக் குடலை அலசி, முறுக்கி, உலர்த்தி, வாத்தியங்களுக்கு நரம்பாக விற்பது என் தொழில். கையில் நாற்றம் போகாது, ஆனால் ஊரிலுள்ள பெரிய மனிதர் எல்லோரும் என் கடைப்படி ஏறித்தான் ஆகவேண்டும். வாத்தியம் வாசிப்பவனுக்கு வருஷத்துக்கு நாலு நரம்பு போதும். அறிவுக் காதலருக்கு நாற்பது வேண்டும், ஏனென்றால் அவர் வாசிப்பதில்லை, ஆராய்கிறார்.

எங்கள் வாட்டர்ஹோவன் ஊரின் அறிவுக் காதலர் பால்தசார் வெர்ஹூஃப். முன்னாள் உப்பு மீன் வியாபாரி, இந்நாள் நகர சபை உறுப்பினர். அவர் முன்னறைக்குள் நுழைந்தால் முதலில் உங்கள் தலையில் இடிப்பது ஒரு முதலை. உலர்ந்த முதலைதான், கூரையிலிருந்து கயிற்றில் தொங்குகிறது, வாயோரத்தில் வைக்கோல் எட்டிப் பார்க்கிறது. அதற்குக் கீழே சங்குகள், பவளங்கள், ஒற்றைக்கொம்புக் குதிரையின் கொம்பு. அது வடகடல் மீன் ஒன்றின் பல் என்று துறைமுகத்தில் கயிறு சுற்றுகிறவனுக்குக்கூடத் தெரியும், ஆனால் யார் போய்ச் சொல்வது? ஜன்னலோரம் தொலைநோக்கி, வியாழனின் நிலவுகளைக் காண வாங்கியது, பெரும்பாலும் நகரத் தலைவர் வீட்டுச் சமையலறையை நோக்கித் திரும்பியிருக்கும். மேசைமேல் நுண்ணோக்கி, அதில் ஆறு வருஷமாக ஒரே பேன். வருகிறவர்கள் எல்லோரும் அந்தப் பேனைப் பார்த்து வியந்தாக வேண்டும். நான் பார்த்தபோது என் இமை முடி மட்டுமே தெரிந்தது.

"என்ன தெரியுது, ஹில்லே?" என்றார்.

"காலுங்க, ஐயா. நிறையக் கால்."

அவருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. அன்றைக்குப் பன்னிரண்டு நரம்பு வாங்கினார்.

அறையின் நடுநாயகம் ஒரு ஹார்ப்சிகார்ட், கட்டையை அழுத்தினால் உள்ளே நரம்பு மீட்டும் பெட்டி வாத்தியம். மூடியின் உட்புறத்தில் இசையைப் புகழ்ந்து லத்தீனில் ஏதோ எழுதியிருக்கிறதாம்; இருக்கிறதாம் என்றுதான் சொல்ல முடியும், ஏனென்றால் மூடிமேல் ஒரு பூகோள உருண்டையும் மண்டையோடும் மணற்கடிகையும் நிரந்தரமாகக் குடியிருப்பதால் அதை யாரும் திறந்ததில்லை.

இனி அவருடைய தத்துவம். எல்லாவற்றையும் சந்தேகிக்க வேண்டும் என்று இப்போது ஒரு புது வழக்கம் கிளம்பியிருக்கிறதல்லவா, அதை அவர் இறுகப் பிடித்துக்கொண்டார். இந்த மேசை உண்மையில் இருக்கிறதா என்று சந்தேகிப்பார். மேசைமேல் வாத்து வறுவல் வந்து உட்கார்ந்ததும் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும். கண் ஏமாற்றும், மூக்கு ஏமாற்றும், நாக்கு ஏமாற்றும், காது எல்லாவற்றையும்விட மோசமாக ஏமாற்றும். ஏமாற்றாதது எண் ஒன்றுதான். ஆகவே யார் என்ன சொன்னாலும் அவரிடம் ஒரே கேள்வி: "அளந்து பார்த்தீங்களா?" ரொட்டி நன்றாக வெந்திருக்கிறது என்றான் ரொட்டிக்காரன், அளந்து பார்த்தீங்களா? பிள்ளை வளர்ந்துவிட்டான் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி; அளந்து பார்த்தீங்களா? மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்த பக்கத்துத் தெருக்காரரிடம், மூக்கருகே கண்ணாடி வைத்துச் சோதித்தீர்களா, எவ்வளவு நேரம் வைத்தீர்கள் என்று விசாரித்தார். அந்த மனிதர் வீட்டுக்கு ஓடிப்போய் மறுபடி பார்த்துவிட்டு வந்ததாகக் கேள்வி.

அவர் வீட்டு முட்டையைப் பற்றிச் சொல்லாவிட்டால் மேலே நகர முடியாது. சமையலறையில் ஓர் ஊசல் கட்டினார். என் நரம்பு, அவருடைய ஈயக் குண்டு. முட்டை சரியாக வேக நூற்றெண்பது ஆட்டம் என்று கணக்குப் போட்டுச் சுவரில் எழுதினார். அவர் மனைவி அலெய்டா, சீமாட்டியானாலும் சமையலைத் தானே பார்க்கிறவர், ஊசலைப் பார்த்து எண்ணி முட்டையை இறக்கிக் கொண்டுவந்தார். நரம்பு கொடுக்கப் போயிருந்த நான் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் கேட்டேன்.

"என்னங்க, முட்டை கல்லு மாதிரி இருக்கு."

"இருக்கவே முடியாது. நூற்றெண்பது ஆட்டம். கணக்கு சரியா இருக்கு."

"அப்போ கணக்கையே உரிச்சுத் தின்னுங்க."

"ஆத்திரப்படாதே, அலெய்டா. கணக்கு தப்பாகாது. தப்பு முட்டையில இருக்கு. நீ கோழியைக் கவனி."

முட்டையோடு போயிருந்தால் ஊருக்கு நஷ்டமில்லை. கோழியைத் தவிர யாரும் வருத்தப்பட்டிருக்க மாட்டார்கள். ஆனால் எங்கள் நகர சபை மணிக்கோபுரத்தில், சுரத்துக்கு ஒன்றாகப் பாட்டு ஒலிக்கும் மணிவரிசை கட்டத் தீர்மானித்தது. அடுத்த ஊரில் எட்டு மணிகள் இருந்தன. ஆகவே எங்களுக்கு ஒன்பது. வேறு காரணம் எதுவும் யாருக்கும் தேவைப்படவில்லை.

மணி வார்க்க வந்தவன் ஹார்மென் விக்கர்ஸ். கிழக்கு எல்லைப் பக்கத்துக்காரன், முப்பது வயதிருக்கும், உலை வெக்கையில் புருவம் பொசுங்கி, எப்போதும் எதையோ பார்த்து ஆச்சரியப்படுகிறவன் போலிருப்பான். அதுவரை தன் முதலாளியின் பட்டறையில் முதலாளியின் பெயரில் வார்த்தவன். தன் பெயரில் வார்க்கும் முதல் மணிவரிசை இது. எங்கள் பக்கத்தில் மணிகள் தாமே பேசும் வழக்கம். இடுப்புப் பட்டையில் எழுத்துப் பொறித்திருக்கும். ஒன்பது மணிகளிலும் 'ஹார்மென் விக்கர்ஸ் என்னை வார்த்தான்' என்று எழுதியிருந்தான்.

"மணிக்கு ஆயுசு முன்னூறு வருஷம், அக்கா," என்றான் என்னிடம், மணியின் நாக்கைக் கட்டத் தோல்வார் கேட்டு வந்தபோது. "நான் செத்து, என் பேரன் செத்து, அப்புறமும் இது என் பேரைச் சொல்லிட்டு நிக்கும். இந்த ஒன்பதும் தேறிடுச்சுன்னா நாலு ஊர்ல கூப்பிடுவாங்க. தேறலைன்னா திரும்பிப் போய் மாட்டு மணி வார்க்க வேண்டியதுதான்."

தேறுவது என்றால் சும்மா இல்லை. எங்கள் நாட்டில் துணிக்கும் வெண்ணெய்க்கும் உப்பு மீனுக்கும் பரிசோதகர் உண்டு. பரிசோதித்து முத்திரை வைக்காமல் ஒரு மீன்கூடப் பீப்பாயைவிட்டு நகராது. மணிக்கும் அப்படியே. தேர்வுப் பத்திரத்தில் மூன்று கையெழுத்து வேண்டும். ஒருவர் நகரத் தலைவர். அவருக்கு மூட்டுவலி, மற்ற இருவரும் எழுதுவதில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்திடுவதாகக் கீழேயிருந்தே சொல்லியனுப்பிவிட்டார். இன்னொருவர் தேவாலயத்து ஆர்கன் வாசிக்கும் எவர்ட். சமையலறையில் கரண்டி விழுந்தால் என்ன சுரத்தில் விழுந்தது என்று அடுத்த அறையிலிருந்து சொல்லக்கூடிய மனிதர். அவரிடம் ஒரே குறை: அவருடைய வேலையை ஆண்டுதோறும் நகர சபை புதுப்பிக்க வேண்டும். அதனால் உண்மை ஏதாவது தொண்டைக்கு வந்தால் இருமல் வந்துவிடும். மூன்றாவது பரிசோதகர் யாரென்று நான் சொல்லவும் வேண்டுமா?

பரிசோதனை நாள் நவம்பரில் வந்தது. நான்கு நாளாக மழை. இருநூற்றுப் பன்னிரண்டு படி. முன்னால் பால்தசார், மார்போடு அணைத்த கம்பளிச் சுருளில் அவருடைய அளவுகோல். அது ஒரு நீளப் பலகை. மேலே ஒரே ஒரு நரம்பு, நரம்புக்கடியில் நகர்த்தக்கூடிய ஒரு கட்டை, பக்கத்தில் வரிவரியாக எண்கள். முழு நரம்பையும் பெரிய மணியின் சுரத்துக்கு இழுத்துக் கட்டிவிட்டால், பிறகு கட்டையை எண்படி நகர்த்தி மீட்டினால் மற்ற மணிகள் எங்கே இருக்கவேண்டும் என்று அது சொல்லும். நல்ல கருவிதான், குற்றம் சொல்லமாட்டேன். அதன் நரம்பும் என் கடை நரம்புதான். அறுந்தால் மாற்றுவதற்காக என்னையும் மேலே வரச் சொல்லியிருந்தார். எனக்குப் பின்னால் எவர்ட், இருமாமல். கடைசியில் ஹார்மென், ஒரு கையில் அரங்கள் கட்டிய தோல்பை, மறு கையில் பால்தசாரின் கால் கணப்பு. உலகத்தைச் சந்தேகிக்கிறவரானாலும், கால் கணப்பு இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்பக் கூடாது என்ற மனைவியின் கட்டளையை அவர் சந்தேகித்ததே இல்லை. துளை போட்ட மரப்பெட்டி, உள்ளே மண்சட்டியில் தணல். அதன்மேல் கால் வைத்து உட்கார்ந்துவிட்டால் மேலே பனி பெய்தாலும் மனிதனுக்குக் கவலை கிடையாது.

காலையில் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது. பெரிய மணியைத் தட்டினார்கள். நரம்பை அதற்கு இணையாக முறுக்கினார். எவர்ட் காதால் கேட்டுத் தலையசைத்தார். பிறகு ஒவ்வொரு மணியாகத் தட்டுவது, கட்டையை நகர்த்துவது, மீட்டுவது. "சரி." "இதுவும் சரி." எட்டு மணிகள் தேறின. ஹார்மெனின் பொசுங்கிய புருவத்துக்கடியில் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது. ஐந்தாம் மணி மட்டும் பாக்கி. அதைக் கீழேயிருந்து தூக்கும் கயிறு மழையில் ஊறி உருளையில் சிக்கிக்கொண்டது. மேலே வர மத்தியானமாகும் என்றார்கள்.

அந்த இடைவெளியில்தான் அலெய்டா வந்தார். அத்தனை படியும் ஏறி, கூடையில் கறுப்பு ரொட்டி, பாலாடைக்கட்டி, உப்பு மீன், ஒரு ஜாடி பியர், இன்னொரு கையில் புதுத் தணல். பழைய சாம்பலைக் கொட்டி, கணப்பில் தணலை நிரப்பினார். பால்தசார் எழுந்து சாப்பிட்டபடியே, பூமியின் வளைவு இங்கிருந்து எத்தனை அடி தெரியும் என்று ஜன்னல் ஜன்னலாக விளக்க ஆரம்பித்தார். எழுந்திருக்கும்போது அளவுகோலைத் தரையில் வைக்கப் போனார். தரை ஈரம். யோசித்தார். அறிவுள்ள மனிதர் அல்லவா? ஈரம் கருவிக்கு ஆகாது என்று அவருக்குத் தெரியும். அதனால் அதைப் பத்திரமாகத் தூக்கிக் கால் கணப்பின்மேல் வைத்தார்.

குடல் நரம்பைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், இது பரமரகசியம் ஒன்றுமில்லை. ஈரம் பட்டால் அது விறைக்கும், சுரம் ஏறும். சூட்டில் காய்ந்தால் தளரும், சுரம் இறங்கும். எங்கள் பக்கத்தில் பிடில் வாசிக்கிற எந்தக் குடிகாரனுக்கும் தெரியும். ஒரு மணி நேரம், நன்றாகக் கேளுங்கள், முழுசாக ஒரு மணி நேரம், அந்த நரம்பு தணலின்மேல் காய்ந்தது.

"ஐயா, நரம்பு சூட்டுல இருக்கு..." என்று ஆரம்பித்தேன்.

"ஈரம்தான் கருவிக்கு எதிரி, ஹில்லே. புஸ்தகத்துல இருக்கு," என்றார். "நீ மீன் எடுத்துக்கோ."

நான் மீன் எடுத்துக்கொண்டேன். குளிர்காலம் முழுவதற்குமான நரம்பை அவர் அந்த வாரம்தான் என் கடையில் வாங்குவதாக இருந்தார். அதை மறைத்து என்ன பயன்?

ஐந்தாம் மணி வந்து தொங்கியது. ஹார்மென் முதலில் பெரிய மணியைத் தட்டி, அது ஓய்வதற்குள் ஐந்தாவதைத் தட்டினான். வாசகரே, எனக்கு உடம்பு சிலிர்த்தது. இரண்டும் ஒரே வயிற்றில் பிறந்தவை போல ஒன்றின் குரலுக்குள் மற்றது போய் உட்கார்ந்தது. எவர்ட் கண்ணை மூடிக்கொண்டார். கூடையைக் கட்டிக்கொண்டிருந்த அலெய்டாகூடக் கையை நிறுத்தினார். ஹார்மென் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினான்.

பால்தசார் குனிந்து அளவுகோலைக் கணப்பிலிருந்து எடுத்து, கட்டையை நகர்த்தி, மீட்டினார். நரம்பு எங்கோ பாதாளத்திலிருந்து முனகியது.

"மணி ஏறியிருக்கு," என்றார்.

"எதுக்குங்க ஐயா?" என்றான் ஹார்மென்.

"எண்ணுக்கு."

"ஐயா, கொஞ்சம் காதைக் குடுத்துக் கேளுங்க. இதைவிடப் பொருந்த முடியாது."

"காது ஒரு புலன், ஹார்மென். புலன் ஏமாத்தும். நீங்க அளந்து பார்த்தீங்களா?"

"அப்போ ஒண்ணு பண்ணுங்க. அந்த நரம்பைப் பெரிய மணியோட இன்னொரு வாட்டி ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு தட்டு தட்டினா தெரிஞ்சிடும்."

"காலையில ஒப்பிட்டாச்சே. அளவுகோலையே அளக்க ஆரம்பிச்சா அப்புறம் அதை அளந்ததை அளக்கணும். முடிவே கிடையாது. அது தத்துவத்துக்கே விரோதம்."

எல்லாவற்றையும் சந்தேகிக்கிறவரின் சந்தேகம் எங்கே போய் நிற்கிறது பார்த்தீர்களா? அவருடைய சொந்தப் பலகையின் ஓரத்தில்.

ஹார்மென் எவர்ட்டைப் பார்த்தான். எவர்ட்டுக்கு அப்போதே இருமல் தொடங்கிவிட்டது.

"மணி..." என்றார் எவர்ட். இருமினார். "மணி நல்லாத்தான் இருக்குங்க ஐயா." இன்னொரு இருமல். "அதாவது, காதுக்கு. அளவுக்கு எப்படியோ, நான் படிக்காதவன்."

"பார்த்தீங்களா? காதுக்குங்கறார்," என்றார் பால்தசார்.

பிறகு ஹார்மென் என் பக்கம் திரும்பினான். "அக்கா, இது உங்க நரம்பு. நீங்களாவது சொல்லுங்க."

என் எதிரே கணப்பு இருந்தது. அதன் துளைகளில் தணல் சிவப்பாகத் தெரிந்தது. நான் சொல்லவேண்டியது நாலே வார்த்தை. நான் சொன்னது இது: "நரம்பு நல்ல நரம்பு, ஹார்மென். மார்ச் மாசத்து ஆட்டுக்குட்டி."

அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஹார்மென் என்ன செய்வான்? மறுத்தால் கையெழுத்து இல்லை, கையெழுத்து இல்லாவிட்டால் ஒன்பது மணியும் கீழே இறங்கவேண்டும். மணியின் உட்புறத்தை அரத்தால் ராவினால் அதன் குரல் இறங்கும்; ராவியதை எடுத்து மறுபடி ஒட்ட எந்தக் கொம்பனாலும் முடியாது. அவன் மணிக்குள் தலையை நுழைத்துக்கொண்டு ராவ ஆரம்பித்தான். தரையில் வெண்கலத் தூள் பொன்னாக உதிர்ந்தது. கொஞ்சம் ராவுவது, தட்டுவது. பால்தசார் மீட்டுவது, "இன்னும்" என்பது, மீட்டியபின் ஈரம் படாமல் பலகையைப் பத்திரமாகத் திரும்பக் கணப்பின்மேல் வைப்பது. மணி இறங்கி வர வர, நரம்பு அதற்கும் கீழே போய் உட்கார்ந்திருக்கும். இப்படி ஒன்றையொன்று துரத்திக்கொண்டு இரண்டும் இறங்கின. தணல் சாம்பலாகி, நரம்பு இறங்குவதை நிறுத்திய பிறகுதான் மணியால் அதைப் பிடிக்க முடிந்தது.

"சரி!" என்றார் பால்தசார். முகத்தில் அப்படியொரு பிரகாசம். "இப்போ கேளுங்க. இதுதான் சுத்தமான சுரம்."

கேட்டோம். எவர்ட் காதுக்குள் விரலை விட்டுக் குடைந்தார்.

ஹார்மென் மணிக்குள்ளிருந்து தலையை வெளியே எடுத்தான். அரத்தைக் கீழே வைத்துவிட்டு உளியை எடுத்தான். ஐந்தாம் மணியின் இடுப்பில் இருந்த தன் பெயரை ஒவ்வோர் எழுத்தாகச் செதுக்கி எடுத்தான்.

"என்ன பண்றீங்க?" என்றார் பால்தசார்.

"நான் வார்த்தது இது இல்லீங்க."

பால்தசார் வெறுமையான பட்டையை உற்றுப் பார்த்தார். தாடையைத் தடவினார். "நியாயம்தான். ஆனா அந்த இடம் காலியா இருக்கறது அழகா இல்லையே. ஒண்ணு செய்யலாம். 'பால்தசார் வெர்ஹூஃப் என்னைத் திருத்தினார்'னு போட்டா வரலாற்றுக்கும் உதவியா இருக்கும். உங்களுக்கு ஆட்சேபணை உண்டா?"

ஹார்மென் அன்று முதல் தடவையாகச் சிரித்தான். "உங்க பேருங்களா? ஒரு ஆட்சேபணையும் இல்லீங்க ஐயா. ஆழமாவே வெட்டறேன். முன்னூறு வருஷத்துக்கு அழியாது."

அவ்வளவு அக்கறையாக அவன் எதையும் வெட்டி நான் பார்த்ததில்லை. ஓரங்களைத் துணியால் துடைத்து மெருகுகூடப் போட்டான்.

சனிக்கிழமை சந்தை நாளில் மணிவரிசை முதன்முறையாக ஊர் கேட்க ஒலித்தது. ஒவ்வொரு மணி நேரமும் அடிக்குமுன் வேதாகமத்துச் சங்கீதப் பாட்டு ஒன்றின் நாலு வரி வரும்படி, மணிச்சுத்தியல்களைத் தட்டிவிடும் உருளையில் முள் பதித்திருந்தார்கள். முதல் மூன்று வரி தேனாக வந்தது. நாலாவது வரியில் ஐந்தாம் மணி. இருட்டில் படி இருப்பதாக நினைத்துக் காலை வைத்தால் படி இல்லாமல் போகுமே, அப்படி இருந்தது. மீன்காரிகள் அண்ணாந்து பார்த்தார்கள். நாய் ஒன்று ஊளையிட்டது. சந்தை நடுவே நின்ற பால்தசார் கையைத் தூக்கினார்.

"பயப்படாதீங்க. இது அளந்த சுரம். ஆயிரம் வருஷமா நாம தப்பாக் கேட்டுக் கேட்டு நம்ம காது கெட்டுப் போச்சு. பழகினாச் சரியாயிடும்."

"நாய்க்கும் பழகணுங்களா?" என்றாள் ஒரு மீன்காரி.

ஊர் என்ன செய்தது தெரியுமா? பழகிக்கொண்டது. முதலில் நகர சபைக்காரர்கள் அந்தச் சுரத்தில் ஒரு தனி நயம் இருப்பதாகக் கண்டுபிடித்தார்கள். பிறகு அவர்களுடைய மனைவிமார் கண்டுபிடித்தார்கள். கிறிஸ்துமஸுக்குள், அந்த நயம் தெரியவில்லை என்று சொல்கிறவன் படிக்காதவன் என்றாகிவிட்டது. வசந்தத்தில் சபை இன்னொரு தீர்மானம் போட்டது: தேவாலயத்து ஆர்கன் மணியோடு ஒத்துப் போகவில்லை, ஆகவே ஆர்கனைத் திருத்த வேண்டும். எவர்ட் இருமிக்கொண்டே திருத்தினார். இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தச் சுரம் வரும்போது தேவாலயத்தில் பாடும் நாங்கள் இருநூறு பேரும் ஒரே நேரத்தில் படி தவறி விழுகிறோம். வெளியூர்க்காரர்கள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொள்கிறார்கள். அவர்கள் காதைப் பார்த்து நாங்கள் பரிதாபப்படுகிறோம்.

ஹார்மெனைப் பற்றிக் கேட்கிறீர்களா? அடுத்தடுத்த ஊர்களிலிருந்து மணிவரிசை வாங்க நினைத்தவர்கள் வந்து கேட்டார்கள். எட்டு மணிகளைக் கேட்டு மயங்கி, ஒன்றைக் கேட்டு முகம் சுளித்து, இருநூற்றுப் பன்னிரண்டு படியும் ஏறிப்போய் ஒவ்வொன்றின் இடுப்பிலும் எழுதியிருப்பதைப் படித்தார்கள். எட்டில் 'என்னை வார்த்தான்', ஒன்றில் 'என்னைத் திருத்தினார்'. படித்தவர்கள் மறுபேச்சு இல்லாமல் இறங்கி வந்து நேரே ஹார்மெனைத் தேடிப் போனார்கள். இப்போது அவனுக்கு மூன்று உலைகள். எனக்கு அதில் உண்மையான சந்தோஷம். நான் செய்யாத உதவியை அந்த எழுத்துக்கள் செய்துவிட்டன.

போன குளிர்காலத்தில் பால்தசாரும் அலெய்டாவும் என் கடைக்கு வந்தார்கள். மனசு உறுத்திக்கொண்டே இருந்ததா, ஒரு தைரியம் வந்துவிட்டது. நேராகச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஊரை மாற்றி, மணியை மாற்றிச் சொன்னேன். வேறோர் ஊரில் ஒரு பெரிய மனிதர், ஐயா. மர முழக்கோல் ஒன்றை அடுப்படியில் வைத்துக் காயவிட்டார். அது சுருங்கி வளைந்துவிட்டது. பிறகு அதைக்கொண்டு நேராயிருந்த ஒரு கதவை அளந்து, கதவுதான் கோணல் என்று தச்சனை விட்டு வெட்டச் சொன்னார். இப்போது அந்த வீட்டுக்குள் காற்றும் மழையும் தாராளமாக வருகின்றன. வருகிறவர்களிடம் அவர் கதவைக் காட்டிப் பெருமைப்படுகிறார்.

பால்தசார் சிரித்தார். அப்படியொரு சிரிப்பு. கடை முக்காலியில் உட்கார்ந்து, கண்ணில் நீர் வழிய, தொடையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"எனக்குத் தெரியும் அந்த ஆளை!" என்றார். "ஹௌடா ஊர்க்காரன்தானே? சங்கு சேர்க்கறானே, தீல்மன். அவனேதான். முழக்கோலை ஒரு தடவை சரிபார்த்திருந்தாப் போதாதா? முட்டாள். பக்கத்துல இருந்தவங்க யாரும் சொல்லலையா?"

"சொல்லலீங்க, ஐயா," என்றேன்.

"அது ரொம்பத் தப்பு," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

அலெய்டா என்னைப் பார்த்தார். "அவருக்கு ஒரு நரம்பு குடும்மா," என்றார். "மார்ச் மாசத்து ஆட்டுக்குட்டியா இருக்கட்டும்." பால்தசார் முன்னால் படியிறங்கிப் போனதும் அலெய்டா குனிந்து மெதுவாகச் சொன்னார்: "அந்தத் தணலை ஊதிக் குடுத்ததே நான்தான். அதான் நானும் வாயைத் திறக்கலை."

ஆக வாசகரே, இந்த இனத்தைக் கண்டால் எச்சரிக்கையாக இருங்கள். அடையாளம் சொல்லிவிட்டேன்: கையில் ஓர் அளவுகோல் இருக்கும், அது எப்போதும் பிறத்தியார் பொருளை நோக்கியே நீண்டிருக்கும். இதைப் படித்துக்கொண்டு வரும்போதே உங்களுக்கு ஒருவருடைய பெயர் ஞாபகத்துக்கு வந்திருக்குமே? மைத்துனரோ, மேலதிகாரியோ, அடுத்த வீட்டுக்காரரோ. இவர் அவரேதான் என்று நினைத்து ஒரு சிரிப்புகூடச் சிரித்திருப்பீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. தீல்மனை நினைத்துக்கொண்டு பால்தசாரும் அப்படித்தான் சிரித்தார்.

அது கிடக்கட்டும். வெளியே நல்ல குளிர். உங்கள் காலுக்கு மட்டும் கணப்பின்மேல் வைத்தாற்போல் இதமாக இருக்கிறதோ?